சிரிப்பு வருகிற புத்தகம் என்றால் அவ்வளவு இளக்காரமா?

கையில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு நாலு பேர் இருக்கிற இடத்தில் உட்காரவே முடியவில்லை. தங்கச்சிமடம் பஸ் ஸ்டாப்பாக இருக்கட்டும், மதுரை பாசஞ்சராக இருக்கட்டும், முதல் கேள்வி ஒன்றுதான்: "என்ன தம்பி, குரூப் ஃபோருக்கா படிக்கிறீக?" இல்லண்ணே, கதைப் புத்தகம் என்றால் முகம் சுருங்கும். வேற்றுக் கிரகம், விண்கப்பல் என்று சொன்னால், சரி, ஏதோ சயின்ஸ் போல என்று கொஞ்சம் மரியாதை வரும். காமெடி என்று வாயெடுத்தால் அந்த மரியாதையும் அப்போதே போய்விடும். "இந்த வயசுல உருப்படியா எதையாச்சும் படிக்கலாம்ல?" என்று ஒரு புத்திமதி. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போச்சு.

நான் படிப்பது டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு தி கேலக்ஸி' வரிசை. 1978-இல் பிபிசி வானொலியில் நாடகமாக வந்து, 1979-இல் புத்தகமாகி, 1992 வரை ஐந்து பாகம் வந்தது. விசைப்படகு ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் ஏறி பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கும். கணக்கில் எழுத ஒன்றும் இருக்காது. படகு நிழலில் உட்கார்ந்து படிக்க அதைவிட நல்ல காலம் ஏது? அங்கேயும் விடமாட்டார்கள். வலை பொத்துகிற மாமா ஒருத்தர், "தொழிலே நின்னு கெடக்கு, இவன் ஒக்காந்து சிரிக்கிறான் பாரு" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். கடலுக்குப் போகாத நாளில் நான் சிரித்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

இவர்களையாவது விட்டுவிடலாம், புத்தகத்தைப் பார்த்ததில்லை. எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது இன்ஜினியரிங் முடித்த கூட்டத்தின் மேல். "ஓ, அந்த 42 புக்கா? மாப்ள, அதான் மேட்டரே, முடிஞ்சுச்சு!" என்பார்கள். ஒரு பக்கம் படித்திருக்க மாட்டார்கள், 42 என்று போட்ட டீ-ஷர்ட் மட்டும் இருக்கும். அடேய், வாழ்க்கை, பிரபஞ்சம், எல்லாவற்றுக்கும் விடை கேட்டுக் கட்டிய ஒரு கம்ப்யூட்டர் 75 லட்சம் வருஷம் யோசித்து 42 என்று விடை சொன்னதோடு கதை முடியவில்லை. விடை கிடைத்த பிறகுதான், கேள்வி என்ன என்றே தங்களுக்குத் தெரியாது என்பது அதைக் கட்டியவர்களுக்கு உறைக்கிறது. கேள்வியைக் கண்டுபிடிக்க இன்னொரு கம்ப்யூட்டர் கட்டுகிறார்கள், அதுதான் நம் பூமி. ஒரு கோடி வருஷம் ஓடிய அந்தக் கணக்கு முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது, பைபாஸ் ரோடு போட இடைஞ்சல் என்று பூமியை இடித்துவிடுகிறார்கள். இதைப் படித்துவிட்டு ஒருத்தன் வெறும் நம்பரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமா?

அந்த இடிப்பு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதைத்தான் வெட்டிக் கற்பனை என்கிறார்கள். முதல் அத்தியாயத்தில் கதாநாயகன் ஆர்தர் டென்ட் வீட்டு வாசலில் புல்டோசர் வந்து நிற்கிறது. திட்டம் ஒன்பது மாதமாக அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது, ஆட்சேபணை இருந்தால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்கிறார் வந்த அதிகாரி. எங்கே வைத்திருந்தார்கள்? விளக்கும் இல்லாத, படிக்கட்டும் இல்லாத நிலவறையில், யாரும் பயன்படுத்தாத கழிப்பறைக்குள், பூட்டிய அலமாரியின் அடித்தட்டில். கதவில் சிறுத்தை ஜாக்கிரதை என்று போர்டு வேறு. கொஞ்ச நேரத்தில் பூமிக்கே அதே கதி: உத்தரவு 50 வருஷமாக நாலு ஒளியாண்டு தள்ளி ஆல்ஃபா சென்டாரியில் வைக்கப்பட்டிருந்ததாம், போய்ப் பார்க்காதது நம் தப்பாம்.

எங்கள் தெருவில் ரோடு அகலப்படுத்தக் கல் நட்டபோது இதேதான் நடந்தது. பெரியம்மா வீட்டுத் திண்ணையில் சிவப்புப் பெயிண்ட்டால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். விசாரிக்கப் போனால், "நோட்டீஸ் ஒட்டியிருந்தோமே, கடைசித் தேதி முடிஞ்சு போச்சே" என்றார்கள். அந்தப் போர்டு உள்ளறையில், ஒரு இரும்பு பீரோவுக்குப் பின்னால். உப்புக்காற்றில் துருப்பிடித்த குண்டூசிகள், ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிய காகிதங்கள். எங்களுடையது நாலு தாளுக்கு அடியில் இருந்தது, தேதி இருந்த மூலை கிழிந்து போயிருந்தது. முழங்கால் வலியோடு தெருமுனைக்கே போகாத பெரியம்மா அந்த பீரோவைத் தள்ளிப் பார்த்திருக்க வேண்டும் என்றுதானே அர்த்தம்? அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்த அத்தியாயத்தை மறுபடி படித்தேன். எங்கள் தெருவில் நடந்ததை அப்படியே சொன்ன ஒரே புத்தகம் அதுதான். இனி இதைக் கற்பனை என்று எவனும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

அப்புறம் அந்தத் திமிங்கலம். மக்ரதியா என்ற கிரகத்துக்கு மேலே, ஆகாயத்தில் திடீரென்று உருவாகி விழுகிறது. விழுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் யார், இது என்ன, என் வயிறா, என் வாலா, விர்ரென்று போகிறதே இதற்குக் காற்று என்று பேர் வைக்கலாமா என்று ஒவ்வொன்றாகச் சந்தோஷமாகக் கண்டுபிடிக்கிறது. வேகமாகக் கிட்டே வருகிற தரையைப் பார்த்து, இது எனக்கு சிநேகிதமாக இருக்குமா என்று கேட்கிறது. சிரித்துக்கொண்டே வந்தவனுக்கு அந்த வரியில் நெஞ்சு அடைத்துக்கொண்டது. எங்கள் பக்கம் திமிங்கலம் கரை ஒதுங்கினால் அது மேலே ஏறி நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அப்படி எடுத்தவன்தான் என்னைப் பார்த்து, காமெடி படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற என்கிறான்.

சும்மா தமாஷுக்கு எழுதிய ஆளும் இல்லை ஆடம்ஸ். அழிந்துகொண்டிருந்த உயிரினங்களைத் தேடி உலகம் முழுக்கப் போய், சீனாவின் யாங்சி ஆற்று ஓங்கில் (டால்பின்) வரைக்கும் தேடி, 1990-இல் தனியாக ஒரு புத்தகமே கொண்டுவந்தார். இந்த வரிசையிலும் பூமி அழியப்போவது ஓங்கில்களுக்கு முன்கூட்டியே தெரியும், மனிதனுக்குச் சொல்லியும் பார்க்கின்றன, அவன் அதை வித்தை காட்டுவதாக நினைத்துக் கைதட்டுகிறான். மன்னார் வளைகுடாவில் படகுக்கு முன்னால் ஓங்கில் துள்ளுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டுமா? ஐந்தாவது பாகம் இருண்டுபோய் முடிகிறது. அது அவருக்கே உறுத்தி, இன்னொன்று எழுதிக் கொஞ்சம் வெளிச்சமாக முடிக்க நினைத்தார். 2001-இல், 49 வயதில், இறந்துவிட்டார்.

அழ வைத்தால் இலக்கியம், தூங்க வைத்தால் அறிவு, சிரிக்க வைத்தால் மட்டும் வெட்டிப் பொழுதா? யார் வகுத்த கணக்கு இது? குரூப் ஃபோர் படிக்கிறவரை யாராவது போய், ஏன் சிரிக்காமல் படிக்கிறீக என்று கேட்கிறோமா? என்னையும் அப்படியே விட்டுவிடுங்கள். கேட்டுத்தான் தீர வேண்டும் என்றால் புத்தகத்தைக் கையில் கொடுக்கிறேன், மண்டபம் ஸ்டேஷன் வருவதற்குள் முதல் அத்தியாயத்தை முடித்துவிடலாம், படித்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.