சோவியத் அணு விஞ்ஞானிகளுக்குச் சும்மா காசு கொடுத்தார்களா?

சோவியத் உடைந்ததும் அங்கிருந்த ஆயுத விஞ்ஞானிகளுக்கு, வேறு நாட்டுக்குப் போய் குண்டு செய்யாமல் இருக்க அமெரிக்கா மாதாமாதம் சும்மா பணம் கொடுத்தது என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

1992ல் அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகள், ஜப்பான், ரஷ்யா சேர்ந்து ஒப்பந்தம் போட்டு, 1994ல் மாஸ்கோவில் தொடங்கிய சர்வதேச அறிவியல் தொழில்நுட்ப மையம் ஆயுதமல்லாத ஆராய்ச்சித் திட்டங்களுக்குத்தான் நிதி கொடுத்தது. விஞ்ஞானி வேலை செய்த நாட்களைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, அந்த நாட்களுக்கான தொகை நேராக அவர் கணக்குக்கு வந்தது. இதை எப்படிச் சும்மா கொடுத்ததாகச் சொல்வது?

அப்புறம், ஆயுதமல்லாத வேலைக்கு மாற இவர்கள் அரிச்சுவடியிலிருந்து படிக்க வேண்டியதும் இல்லை. வெடிப்பைக் கணினியில் கணக்கிட்டவருக்கு மென்பொருள் எழுத வரும். முதல் சோவியத் அணுகுண்டு உருவான சாரோவ் நகரில் அப்படித்தான் ஒரு கணினி மையமே திறந்தார்கள். சந்தை, விலை, வாடிக்கையாளர், இவைதான் அவர்களுக்குப் புதுசு.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. அமெரிக்க எரிசக்தித் துறை தனியாக நடத்திய இதே போன்ற திட்டத்தில், ஆய்வுக்கு எடுத்த 97 பணிகளில் பணம் பெற்றவர்களில் பாதிக்கும் மேல் ஆயுத அனுபவம் இருப்பதாகவே சொல்லாதவர்கள் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2007ல் எழுதியது. கேள்வி கேட்பவர்கள் அதைக் கேளுங்கள், நியாயமான கேள்வி.