துடிப்பு நன்றாகக் கேட்டால் இதயத்தில் குறை இல்லையா?

'ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாகக் கேட்டுவிட்டால் இதயத்தில் பிறவிக் குறை எதுவும் இருக்காது' என்ற தகவல் கைப்பேசிகளில் சுற்றி வருகிறது. இது தவறு. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடித்தால் வேகம் இயல்பாக இருக்கிறது, அவ்வளவுதான். இதயம் எப்படி அமைந்திருக்கிறது என்பதை அது சொல்லாது.

பெருந்தமனிகள் இடம் மாறிய குறையைப் பாருங்கள். உடலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் மகாதமனி வலது கீழறையிலிருந்தும் நுரையீரல் தமனி இடது கீழறையிலிருந்தும் என்று மாறிக் கிளம்பும். ஆனாலும் வயிற்றுக்குள் குழந்தை நன்றாகவே வளரும்; அதற்கு ஆக்சிஜன் தருவது நஞ்சுக்கொடிதானே, நுரையீரல் இல்லையே! பிறந்த பிறகு, இரு தமனிகளையும் இணைக்கும் சிறு குழாய் மூடத் தொடங்கும்போது உடல் நீலம் பாரிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க, நான்கு அறைகளைப் பார்த்தால் மட்டும் போதாது. அவை பெரும்பாலும் சரியாகவே தெரியும். இரண்டு தமனிகளும் இயல்பாகக் குறுக்காகக் கடக்கின்றனவா, இந்தக் குறையில் நடப்பதுபோல இணையாக ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். 18 முதல் 22 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சந்தேகம் இருந்தாலோ, கர்ப்பத்துக்கு முன்பே தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ, பெற்றோருக்கோ மூத்த குழந்தைக்கோ பிறவி இதயக் குறை இருந்தாலோ கருவின் இதயத்துக்கென்றே தனி எக்கோ (இதயத்தை விரிவாகப் பார்க்கும் ஸ்கேன்) எடுப்பார்கள்.

சரி, எக்கோவில் எல்லாமே தெரிந்துவிடுமா? இல்லை. சிறு துளைகளும் மகாதமனிக் குறுக்கமும் அதிலும் தப்பலாம். ஆனால் தமனி மாற்றம் முன்பே தெரிந்தால், இதய அறுவை வசதியுள்ள இடத்திலேயே பிரசவம் பார்த்து, அந்தக் குழாய் மூடாமலிருக்க உடனே மருந்து தொடங்கலாம்.