நோயின் பெயரை வைத்து முடிவு செய்யலாமா?
மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் கார் ஓட்டாமல் இருப்பதே நல்லது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஏற்க முடியவில்லை. பார்க்க வேண்டியது நோயின் பெயரை அல்ல. கவனம், தூக்கம், முடிவெடுக்கும் வேகம் எப்படி இருக்கின்றன என்பதைத்தான். கட்டுப்பாட்டில் உள்ள மனச்சோர்வோடு பலர் பத்திரமாக ஓட்டுகிறார்கள். இல்லாத குரல்கள் கேட்கிற அளவுக்கு நோய் முற்றியிருக்கும்போது ஓட்டக்கூடாது, அதில் பேச்சே இல்லை.

கட்டுரை தொடாத விஷயம் மருந்து. பதற்றத்தைக் குறைக்கத் தரும் டயஸிபாம், லோரஸிபாம் போன்ற மாத்திரைகள் தூக்கக் கலக்கம் தரும். தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் கூடுதல் கவனம் தேவை. இரவில் போட்டதன் மந்தம் சிலருக்குக் காலையிலும் விடாது. அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு ஓட்டுவது (இப்படியும் செய்கிறார்கள்!) இன்னும் மோசம்.

அப்புறம் வாகனக் காப்பீடு. விண்ணப்பத்தில் உடல்நிலை பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். பிரீமியம் கூடினாலும் சரி. மறைத்தது விபத்துக்குப் பிறகு தெரிந்தால் இழப்பீட்டையே மறுக்கக்கூடும்.