கொல்லிமலைக்குப் போகாத துத்தி

பி.எஸ்சி. தாவரவியல் படித்தபோது ரெக்கார்டு நோட்டோடு ஹெர்பேரியம் ஷீட்டும் வைக்கச் சொன்னார்கள். உலர்த்திய செடியை ஒட்டிய தாள் அது; அப்படிப்பட்ட தாள்களைச் சேர்த்துவைக்கும் காப்பகம்தான் ஹெர்பேரியம். செடியைப் பறித்துப் பழைய செய்தித்தாளுக்கு நடுவே விரித்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி, பூஞ்சை பிடிக்காமலிருக்கத் தினமும் தாளை மாற்ற வேண்டும். யாருக்கு அந்தப் பொறுமை? விடுதிக்குப் பின்னால் முளைத்திருந்த துத்தியை ஒட்டி, லேபிளில் 'கொல்லிமலை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். முழு மதிப்பெண்.

போன வாரம் நண்பர் ஒருவர், "செல்போனிலேயே படம் எடுத்துக்கலாமே, காய்ந்த இலைக்கு எதுக்கய்யா இத்தனை அலமாரி?" என்றார். அவர் மட்டுமில்லை, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமே சுமார் 8,25,000 மாதிரிகள் உள்ள தன் ஹெர்பேரியத்தை மூடப்போவதாக 2024-ல் அறிவித்தது.

என்னைக் கேட்டால் இது பெரிய தப்பு. 1840களில் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய உருளைக்கிழங்கு நோய் எந்த வகைக் கிருமியால் வந்தது என்பது 2013-ல்தான் தெளிவானது. அந்தக் காலத்தில் யாரோ அழுத்திவைத்த நோயுற்ற இலைகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்தார்கள். அதற்கு முன் 1987-ல் வுட்வர்ட் என்பவர் 200 ஆண்டுக்கால மர இலைகளை நுண்ணோக்கியில் பார்த்து, காற்றில் கரியமிலவாயு கூடக்கூட இலைத்துளைகளின் அடர்த்தி சுமார் 40 சதவீதம் குறைந்திருப்பதைக் கண்டார். அந்த இலைகளைப் பறித்தவர்களுக்கு டி.என்.ஏ.வும் தெரியாது, புவி வெப்பமாதலும் தெரியாது. செல்போன் படத்திலிருந்து எதைச் சுரண்டி எடுப்பது?

செடியைத் தாளில் அழுத்திவைக்கும் வழக்கத்தை 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் லூக்கா கினி தொடங்கியதாகச் சொல்வார்கள். நம் ஊருக்கும் அது சீக்கிரமே வந்துவிட்டது. 1776-ல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி ராட்லரைத் தமிழ் அகராதிக்காரராகத்தான் நமக்குத் தெரியும். மனிதர் செடி சேர்ப்பதிலும் பைத்தியம். அவர் சேர்த்தவை இன்று லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம், கோவையில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் உயிர் அந்தச் சின்ன லேபிள்தான். எந்த ஊர், எந்தத் தேதி, யார் பறித்தது. ஒரு செடி எங்கெல்லாம் இருந்தது, எங்கிருந்து காணாமல் போனது என்று பார்க்க வருகிறவர் அதை நம்பித்தான் வருவார்.

என் ஷீட் அந்தக் கல்லூரி அலமாரியில் இன்னும் கிடக்கிறதோ என்னவோ. யார் கண்ணிலாவது பட்டால் லேபிளில் 'கொல்லிமலை'யை அடித்துவிட்டு 'விடுதிப் பின்புறம்' என்று எழுதிவிடுங்கள். துத்தி மட்டும் நிஜம்.