விட்மன் எடுத்துவிட்ட வரிகள்

அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் 'உறங்குபவர்கள்' கவிதையை நேற்று ராத்திரி மறுபடியும் படித்தேன். 1855இல் வந்த 'புல்லின் இதழ்கள்' முதல் பதிப்பில் தனித்தலைப்பு இல்லாமல் இருந்த 12 கவிதைகளில் ஒன்று.

ஒருவன் கனவிலேயே சத்தமில்லாமல் நடந்து போய், தூங்குகிறவர்களைக் குனிந்து பார்க்கிறான். மனைவியின் இடுப்பில் கை போட்டு உறங்கும் கணவன், பார்வையற்றவர், சிறைக்கைதி. அப்புறம், மறுநாள் தூக்கில் ஏறப்போகும் கொலைகாரன். அவன் எப்படித் தூங்குகிறான்? அவன் கையால் செத்தவன் எப்படித் தூங்குகிறான்? இரண்டு கேள்வியும் அடுத்தடுத்து வருகின்றன, பதில் கிடையாது. பார்த்துக்கொண்டே இருந்தவன் அவர்களுடைய கனவுகளைக் காண ஆரம்பித்து, அவர்களாகவே ஆகிவிடுகிறான்.

அடிமையின் கனவை 1842லேயே இன்னொரு அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோ எழுதிவிட்டார். அறுக்காத நெல்லின் பக்கத்தில், கையில் அரிவாளோடு ஒருவன் படுத்திருக்கிறான். கனவில் அவன் நைஜர் ஆற்றங்கரையில் அரசன், பிள்ளைகள் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். அந்தத் தூக்கத்திலேயே உயிர் போகிறது. நல்ல கவிதைதான், கண் கலங்கும். ஆனால் நாம் வரப்பில் நின்றுதான் அவனைப் பார்க்கிறோம்.

விட்மன் வயலுக்குள் இறங்கிவிடுகிறார். நடுவில் திடீரென்று குரல் மாறி, கடவுளை எதிர்த்து விழுந்த தேவதூதன் லூசிஃபரின் வாரிசு என்று சொல்லிக்கொண்டு ஓர் அடிமை பேசுகிறான். தன்னை ஒடுக்குகிறவனை வெறுக்கிறேன் என்கிறான். உடன்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுத்துக் காசு வாங்கியவனைச் சபிக்கிறான். தன் துணைவியை ஏற்றிக்கொண்டு ஆற்று வளைவில் போகும் நீராவிப் படகை இவன் பார்த்துக்கொண்டு நிற்க, அந்தப் பாவி சிரிக்கிறான்.

அதே புத்தகத்தின் 1881 பதிப்பில் இந்தப் பகுதியையே விட்மன் எடுத்துவிட்டார். எஜமான் அடிமைக்கு வணக்கம் சொல்லும் கடைசிப் பகுதி மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கு மனசு ஆறவில்லை. அந்தக் கோபத்தைக் கேட்காமலே வருகிற வணக்கத்தை எப்படி நம்புவது?

இத்தனைக்கும் 1862 டிசம்பரில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்ட தம்பி ஜார்ஜைத் தேடிக் கிளம்பியவர், அப்புறம் வாஷிங்டன் மருத்துவமனைகளில் அடிபட்ட சிப்பாய்களின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கவிதையில் குனிந்து பார்த்தவர் நிஜத்திலும் கட்டில் கட்டிலாகக் குனிந்தார். அந்த நாட்களைப் பற்றி அவர் எழுதிய கவிதையிலும் ஒரு கிழவன் கனவில்தான் அந்த வார்டுகளுக்குத் திரும்பிப் போகிறான். அவ்வளவு தெரிந்த மனிதர் ஏன் இதை வெட்டினார்?

நான் 1855 பதிப்பையே படிக்கிறேன். படகு வளைவில் போகிற இடம் வந்தால் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டுத்தான் மேலே போக முடிகிறது.