"காலின் யாரைக் காதலித்தால் எனக்கென்ன?" என்பவர்களுக்கு

'டெட் லாஸோ' என்ற நகைச்சுவைத் தொடர் பற்றிப் பேச்சு எடுத்தாலே, மூன்றாவது சீசன் வந்ததும் யாராவது ஒருவர், அதில் தன்பாலீர்ப்பாளனாகத் தெரியவரும் காலின் என்ற ஆட்டக்காரனைப் பற்றி இதைச் சொல்லிவிடுகிறார்: "காலின் யாரைக் காதலித்தால் எனக்கென்ன? அது அவன் சொந்த விஷயம். கால்பந்துக் கதையில் அதை ஏன் நுழைக்கிறார்கள்?" இப்படிச் சொல்பவர்களில் பலர் வெறுப்பில் சொல்வதில்லை. தங்களுக்கு விகற்பம் எதுவும் இல்லை என்று காட்டத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வெறுப்பைக் கக்குபவர்களுக்குப் பதில் எழுதி நேரத்தைக் கழிக்க எனக்கு விருப்பமில்லை. "எனக்கென்ன" என்பவர்களிடம் பேச விஷயம் இருக்கிறது.

தொடரைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். கதையை முழுசாகச் சொல்லிவிடப் போகிறேன்.

சுருக்கம் இதுதான். கான்சாஸிலிருந்து டெட் லாஸோ என்ற ஓர் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர், நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாமல், லண்டனில் ஏ.எஃப்.சி. ரிச்மண்ட் என்ற கற்பனை கிளப்புக்கு வந்து சேர்கிறார். ஆப்பிள் டிவி பிளஸ்ஸில் 2020 ஆகஸ்டில் தொடங்கியது. சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதை 2021, 2022 இரண்டு வருடமும் வாங்கியது. அந்த அணியில் ஒரு வேல்ஸ்காரப் பையன் காலின் ஹியூஸ். நடித்தவர் பில்லி ஹாரிஸ். முதல் இரண்டு சீசனில் அவன் கூட்டத்தில் ஒருவன், அவ்வளவுதான். 2023இல் வந்த மூன்றாவது சீசனில்தான் அவன் தன்பாலீர்ப்பாளன் என்பதும், அணியில் ஒருவருக்கும் அது தெரியாது என்பதும் நமக்குத் தெரிகிறது.

"எனக்கென்ன" என்ற அந்தப் பதிலைப் பார்வையாளர்கள் சொல்வதற்கு முன்பே தொடர் சொல்லிவிட்டது. ஒன்பதாவது எபிசோடில் டிரெஸ்ஸிங் ரூம் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஆட்டத்தின் நடுவே கேலரியில் இருக்கும் ஒரு ரசிகன் தன்பாலீர்ப்பாளரை இழிவுபடுத்தும் வசவு ஒன்றைக் கத்துகிறான். கேப்டன் ஐசக் கேலரிக்குள்ளேயே ஏறிப் பாய்கிறான். சிவப்பு அட்டை. டிரெஸ்ஸிங் ரூமில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஏன் இவனுக்கு இவ்வளவு கோபம், ஒருவேளை இவன்தான் அப்படியோ என்று பேச்சு ஐசக் பக்கம் திரும்புகிறது. அந்த இடத்தில் காலின் வாயைத் திறக்கிறான். ஐசக் இல்லை, நான்தான் என்கிறான். தன்னை மறைத்துக்கொள்ள அதைவிட நல்ல வாய்ப்பு அவனுக்குக் கிடைத்திருக்காது. பேசாமல் இருந்தாலே போதும். ஆனால் தன் பாரத்தை நண்பன் தலையில் விழவிட அவனுக்கு மனம் வரவில்லை.

உடனே அணியினர் சொல்வது என்ன? "அதனால என்ன, எங்களுக்குக் கவலையே இல்லை." அன்பாகத்தான் சொல்கிறார்கள். காலினும் நிம்மதியாகத்தான் சிரிக்கிறான். தொடர் அங்கேயே முடித்திருந்தால் நாம் எல்லோரும் கைதட்டிவிட்டுப் போயிருப்போம். டெட் முடிக்க விடவில்லை. கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் ரசிகர்கள் நிறைந்த ஊரில், அவர்களின் எதிரணியான டென்வர் பிராங்கோஸுக்கு ரசிகனாக இருந்த தன் பழைய நண்பன் ஒருவனின் கதையைத் தொடங்குகிறார். அவன் யாருக்கு ரசிகனாக இருந்தால் நமக்கென்ன என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள், சந்தோஷமோ துக்கமோ அவன் தனியாகவே பட்டான் என்கிறார். தன்பாலீர்ப்பையும் ஒரு கிளப்பின் ரசிகனாக இருப்பதையும் ஒப்பிடுகிறீர்களா என்று காலினே கேட்டுவிடுகிறான். அசட்டுத்தனமான ஒப்பீடு என்று டெட்டுக்கும் தெரியும். ஆனால் அவர் சொல்லவந்தது சரியாக வந்து சேர்கிறது: எங்களுக்குக் கவலை இல்லை என்பது சரியில்லை, எங்களுக்கு நிறையவே கவலை இருக்கிறது, நீ யார் என்பதிலும் இத்தனை நாள் நீ என்ன பட்டாய் என்பதிலும். இனி நீ தனியாகப் பட வேண்டாம்.

அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டும் "எனக்கென்ன" என்று ஒருவர் எழுதுகிறார் என்றால், அவர் காட்சியைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

சரி, கால்பந்துக் கதையில் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். கால்பந்துக் கதையில்தான் இது வந்தாக வேண்டும். ஆண்கள் கால்பந்தைப் போல இந்த விஷயத்தில் வாய் மூடிக் கிடக்கும் துறைகள் குறைவு. ஜஸ்டின் ஃபஷானுவை எத்தனை பேருக்குத் தெரியும்? 1981இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப் பத்து லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கிய ஆட்டக்காரர். அந்த விலைக்குப் போன முதல் கறுப்பின வீரர். 1990இல் தான் தன்பாலீர்ப்பாளர் என்று பத்திரிகையில் வெளிப்படையாகச் சொன்னார். ஆடிக்கொண்டிருக்கும்போதே அப்படிச் சொன்ன முதல் இங்கிலாந்துத் தொழில்முறை வீரர் அவர். சொந்தத் தம்பியே பகிரங்கமாக அவரைக் கைவிட்டார். 1998இல் 37 வயதில் தற்கொலை செய்துகொண்டார். அதன் பிறகு இங்கிலாந்தின் தொழில்முறை ஆண்கள் கால்பந்தில், ஆடிக்கொண்டிருக்கும் இன்னொருவர் அப்படிச் சொல்ல 2022 மே மாதம் ஆயிற்று. பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸ். அப்போது அவருக்கு வயது 17. இரண்டு பேருக்கும் இடையில் முப்பது வருடத்துக்கு மேல்! ஜெர்மனியின் தாமஸ் ஹிட்ஸ்ல்ஸ்பெர்கர் இங்கிலாந்தின் பெரிய கிளப்புகளில் ஆடியவர். அவரும் 2014இல், ஓய்வு பெற்ற பிறகுதான் பேசினார்.

அந்த முப்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் பேர் ஆடியிருப்பார்கள்! அவர்களில் காலின் மாதிரி எத்தனை பேர், டிரெஸ்ஸிங் ரூம் கேலிப் பேச்சில் தாங்களும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் வேறு ஆளாக இருந்திருப்பார்கள்? இதை யோசித்தால் "ஏன் நுழைக்கிறார்கள்" என்று கேட்கத் தோன்றாது. இவ்வளவு நாளாக ஏன் ஒருவருமே சொல்லவில்லை என்றுதான் கேட்கத் தோன்றும்.

இந்த சீசன் வந்த நேரத்தையும் மறக்கக் கூடாது. 2022 நவம்பரில் கத்தார் உலகக் கோப்பை. தன்பாலீர்ப்பாளர்கள் உள்ளிட்டோருக்கு ஆதரவான 'ஒன் லவ்' கைப்பட்டையைக் கேப்டன்கள் அணிந்தால் மஞ்சள் அட்டை என்று ஃபிஃபா மிரட்டியதும், அணியப் போகிறோம் என்று சொல்லியிருந்த ஐரோப்பிய அணிகள் பின்வாங்கின. வேல்ஸ் அமெரிக்காவோடு ஆடிய முதல் ஆட்டத்தில், வேல்ஸ் ரசிகர்களின் வானவில் தொப்பிகளை வாசலிலேயே கழற்றச் சொன்னார்கள். நாலே மாதத்தில் மூன்றாவது சீசன் தொடங்குகிறது, அதில் இதே விஷயத்தைச் சுமப்பவன் ஒரு வேல்ஸ்காரன். கதை அதற்கு முன்பே எழுதப்பட்டிருக்கும். ஆனாலும் அந்த வாரங்களில் பார்த்தபோது அது வெறும் கதையாக எனக்குப் படவில்லை.

"திடீரென்று காலினை இப்படி மாற்றிவிட்டார்கள்" என்பது அடுத்த புகார். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் சீசனைத் திரும்பப் பாருங்கள். அணியின் உடை, சாமான்களைக் கவனிக்கும் கிட்மேன் நேட்டை மட்டம் தட்டும் கூட்டத்தில் ஜேமி இருக்கிறான், ஐசக் இருக்கிறான், கூடவே காலினும் நிற்கிறான். முதல் தடவை பார்க்கும்போது பெரிய ரவுடிக்குப் பக்கத்தில் நிற்கும் சின்ன ரவுடி. எல்லாம் தெரிந்த பிறகு பார்த்தால், கேலிப் பட்டியலில் தன் பெயர் வந்துவிடக் கூடாதே என்று கேலி செய்பவர்கள் பக்கம் போய் நிற்கும் ஒருவன் தெரிகிறான். அதற்காக அவன் செய்தது சரியாகிவிடாது. ஆனால் காரணம் புரிகிறது. இரண்டாவது சீசனில் நேட் பயிற்சியாளரானதும் அதே காலினை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துகிறான். "நான் வலிமையான, திறமையான மனிதன்" என்று அணியின் மனநல நிபுணர் டாக்டர் ஷாரன் சொல்லிக்கொடுத்ததைக் காலின் முணுமுணுத்துக்கொண்டே இருப்பான். அன்று அது நகைச்சுவை. இப்போது கேட்டால் நெஞ்சை என்னவோ செய்கிறது. திடீர் மாற்றம் என்பவர்கள் இந்த இடங்களை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

ஐசக் விஷயத்தில் பார்வையாளர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது என் கருத்து. மூன்றாவது சீசனின் எட்டாவது எபிசோடில், மக்கள் தொடர்பு கம்பெனி நடத்தும் கீலியின் அந்தரங்க வீடியோ கசிந்த பிறகு, ஃபோனில் இருக்கும் அந்த மாதிரிப் படங்களையெல்லாம் அழியுங்கள் என்று ஐசக் அணிக்கு உத்தரவு போடுகிறான். காலின் தயங்குகிறான். ஐசக் அவன் ஃபோனைப் பிடுங்கிப் பார்க்கிறான், முகம் மாறுகிறது, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறான். அந்த வாரம் பாதிப் பேர் ஐசக்கை வெறுப்பாளன் என்று முத்திரை குத்திவிட்டார்கள். அடுத்த வாரம்தான் தெரிகிறது, அவனுக்கு இருந்தது மனவருத்தம். இவ்வளவு நெருக்கமாக இருந்தும் என்னிடம் ஏன் சொல்லவில்லை? அப்படி என்ன தப்பாக நடந்துகொண்டேன், என்னை நம்ப முடியாமல் போனது? காலின் வீட்டுக்குப் போய் அதை நேரிலேயே கேட்கிறான். கூச்சத்தோடு சில கேள்விகளும் கேட்கிறான்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நண்பனின் வருத்தம் நியாயமானதுதான். ஆனால் எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்பது காலினின் உரிமை. ஃபோன் பிடுங்கப்பட்ட அந்த நிமிடத்தில் அந்த உரிமையும் சேர்ந்து போய்விட்டது. தொடர் இதில் போதிய நேரம் செலவிடவில்லை என்ற குறை எனக்கு உண்டு. இதோடு டிரென்ட் கிரிம்மை ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது எபிசோடிலேயே காலினும் அவன் காதலன் மைக்கேலும் முத்தமிடுவதை டிரென்ட் பார்த்துவிடுகிறார். பத்திரிகைக்காரர். வேறொருவர் கையில் அது எப்பேர்ப்பட்ட செய்தி! மாதக்கணக்கில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஆம்ஸ்டர்டாமில்தான் காலினிடம் பேசுகிறார், தானும் அப்படித்தான் என்கிறார். அவர்கள் உட்கார்ந்து பேசுவது ஹோமோமானுமென்ட்டில். நாஜி முகாம்களில் தன்பாலீர்ப்பாளர்களின் சட்டையில் தைத்த இளஞ்சிவப்பு முக்கோணத்தையே வடிவமாகக் கொண்டு 1987இல் திறந்த நினைவிடம் அது.

டிரென்ட்டை டெட்டோடு சேர்த்துவைக்க ஆசைப்பட்ட ரசிகர் கூட்டம் ஒன்று உண்டு. நடக்கவில்லை என்று இன்றும் கோபமாக இருக்கிறார்கள். அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு பேரின் நட்பும் நட்பாகவே இருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

"எல்லாம் ரொம்பச் சுலபமாக முடிந்துவிட்டது, நிஜத்தில் இப்படி நடக்குமா" என்ற விமர்சனத்தில் பாதி உண்மை. ஒரே எபிசோடில் வெளியே சொல்லி, அணி ஏற்றுக்கொண்டு, நண்பனோடு சமாதானமும் ஆகிவிடுகிறது. இன்னும் இரண்டு மூன்று வாரம் ஓடியிருக்கலாம். ஆனால் சோகமாக முடித்தால்தான் நிஜம் என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன். ஜேக் டேனியல்ஸுக்கு அவருடைய கிளப்பும் சக ஆட்டக்காரர்களும் ஆதரவாகவே நின்றார்கள். அதுவும் நிஜம்தான்.

கீலி–ஜாக் கதை வேறு ரகம். அது பலருக்குப் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் காரணம் இரண்டு பெண்கள் காதலித்தது இல்லை. ஜாக் கீலியின் கம்பெனிக்குப் பணம் போட்டவள். பரிசாகக் கொட்டி மூச்சுமுட்ட வைக்கிறாள். வீடியோ கசிந்ததும் கீலி பக்கம் நிற்காமல் மன்னிப்பு அறிக்கையை நீட்டுகிறாள். அப்புறம் ஆளையே காணோம். ஜாக் என்ற பாத்திரத்துக்கு உள்ளே ஒன்றுமே எழுதவில்லை. அதே கதையில் ஜாக் ஓர் ஆணாக இருந்திருந்தால், "இந்தக் காதல் எடுபடவில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். பெண் என்றதும் "இதுக்குத்தான் இதெல்லாம் வேண்டாங்கிறது" என்று ஆகிவிட்டது. எத்தனையோ ஆண்–பெண் காதல் கதைகள் சொதப்பியிருக்கின்றன. அதற்காக ஆண்–பெண் காதலையே தொடரில் காட்டாதீர்கள் என்று யாரும் கேட்டதில்லையே.

கடைசி எபிசோடில், ரிச்மண்ட் ஜெயித்த பிறகு, மைதானத்திலேயே எல்லோர் முன்னாலும் காலின் மைக்கேலை முத்தமிடுகிறான். "அது தேவையா" என்று கேட்டவர்கள் ஆம்ஸ்டர்டாம் காட்சியை மறந்துவிட்டார்கள். அங்கே காலின் கேட்டது அது ஒன்றைத்தான். யாருக்கும் பிரதிநிதியாக இருக்க எனக்கு ஆசையில்லை, யாருடைய மன்னிப்பும் வேண்டாம், ஜெயித்த அன்று மற்றவர்கள் தங்கள் காதலிகளை முத்தமிடுவது போல நானும் என் ஆளை முத்தமிட வேண்டும். மற்ற ஆட்டக்காரர்கள் அதே புல்தரையில் தங்கள் பெண்களை முத்தமிட்டபோது, தேவையா என்று ஒருவரும் கேட்கவில்லை.

2025 மார்ச்சில் நான்காவது சீசனை அறிவித்தார்கள். டெட் இந்த முறை பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர். பெண்கள் கால்பந்தில் நிலைமையே வேறு. இங்கிலாந்தின் பெத் மீட், நெதர்லாந்தின் விவியன் மீடெமா இருவரும் ஒரே கிளப்பில் ஆடிக்கொண்டே வெளிப்படையாகக் காதலர்களாக இருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் சாம் கெர் போன்றவர்கள் எதையும் மறைப்பதில்லை. அதனால் அந்த அணியில் இரண்டு பேர் காதலித்தால் அதை ஒரு ரகசியமாகவோ, ஒரு எபிசோடின் அதிர்ச்சியாகவோ எழுத வேண்டிய அவசியமே இல்லை. சண்டை, பொறாமை, காயம், டிரான்ஸ்ஃபர் என்று எல்லாக் காதலர்களுக்கும் வருவது அவர்களுக்கும் வரட்டும். ஜாக்குக்குக் கொடுக்காத எழுத்தை இவர்களுக்காவது கொடுக்கட்டும். காலினும் ஒரு காட்சியில் வந்தால் நன்றாக இருக்கும். கிளப் அதே கிளப்தான், வரலாம்.