பாட வருகிறவர்களுக்கு மேடையை விடுங்கள்

ஜூன் 21 உலக இசை நாளில் நாகர்கோவிலிலும் டிக்கெட் இல்லாத ஊர் இசைவிழா நடக்க வேண்டும் என்ற கட்டுரையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். 1982-ல் பிரான்ஸில் இது தொடங்கியபோதே, தொழில்முறைக் கலைஞர்களோடு வீட்டில் ஆசைக்கு வாசிக்கிறவர்களும் தெருவுக்கு வந்து வாசிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். நம் விழாக்களில் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைப்பது நாற்காலி மட்டுமே.

ஆனால் ஜூன் நமக்குத் தென்மேற்குப் பருவமழை. திறந்தவெளி வேண்டாம், பள்ளி அரங்கம் போதும்.

அப்புறம், வில்லிசையை விட்டுவிடாதீர்கள். பத்தி என்ற தட்டும் மட்டையால் குடத்தின் வாயில் அடிக்கும்போது எழும் கனத்த ஓசையும், வில்லின் நாணைத் தட்டும் வீசுகோல் பட்டு அதன் மணிகள் குலுங்குவதும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தனித்தனியாகத் தெரியும். ஸ்பீக்கரை அலறவிட்டால் இரண்டும் குழம்பிவிடும். கோயில் கொடை விழாக்களில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் கையில் அன்று ஒரு மணி நேரமாவது வீசுகோலைக் கொடுங்கள். சர்ச் பாடகர் குழுப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், நன்றாகப் பாடுகிறவர்கள் அங்கே நிறைய உண்டு.

பெயர்ப்பதிவை ஊர் நூலகங்களில் வைத்தால் மலையோரத்திலிருந்தும் கடலோரத்திலிருந்தும் வருவார்கள். நான் கஞ்சிரா வாசிப்பேன், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.